குழிந்த எழுத்து படத்தில் புடைத்துத் தெரிகிறது: தப்பு கேமராவிலா, கண்ணிலா?

கற்றளி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. ஒரு வாரமாக மண்டையைக் குடைகிற விஷயம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

போன சனிக்கிழமை எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு சின்னச் சிவன் கோயிலுக்குப் போயிருந்தேன். அதிட்டானத்தில், அதாவது கோயிலின் அடிப்பீடத்தில், ஜகதி என்கிற கீழ்ப்பட்டை முழுக்கச் சோழர் கால எழுத்து. பாதி சுண்ணாம்புக்குள் போய்விட்டது, மீதியில் எண்ணெய்ப் பிசுக்கு. போய்ச் சேரவே இருட்டிவிட்டதால் டார்ச் அடித்துத்தான் படம் எடுக்க முடிந்தது. ஜகதி முழங்கால் உயரம்கூட வராது. அதனால் தரையில் உட்கார்ந்து, இடது கையில் டார்ச்சைத் தரையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் போனில் 14 படம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் 14 படத்திலும் எழுத்து வெளியே புடைத்து நிற்கிறது! கல்லில் வெட்டியதாகவே தெரியவில்லை, முறுக்கு மாவைப் பிழிந்து ஒட்டிவைத்த மாதிரி இருக்கிறது. நான் விரலால் தடவிப் பார்த்த எழுத்து அது. 'ஸ்ரீ'யின் சுழிக்குள் ஆள்காட்டி விரல் நுனி இறங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் இரண்டு பேர் "புடைப்பெழுத்து, அபூர்வம்" என்று வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள். இல்லை ஐயா, வெட்டெழுத்துதான் என்று எழுதப் போனேன். படத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இன்னொன்று. சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "குழியாத்தானேப்பா இருக்கு" என்றாள். அவளுக்குப் படம் தலைகீழ். போனைத் திருப்பிப் பார்த்தேன், சட்டென்று எல்லாம் உள்ளே போய்விட்டது. நேராக்கினால் மறுபடி வெளியே வருகிறது. உடம்பு சிலிர்த்துப் போச்சு.

முதல் வரி "ஸ்வஸ்தி ஸ்ரீ கோப்பரகேசரி" என்று, சோழ அரசர் பட்டமாக, வாசித்திருக்கிறேன். அது சரியா என்பதையும் பெரியவர்கள் பார்த்துச் சொல்லவும்.

ஷட்டர்

இது போன் செய்கிற வேலை சார். இரவில் எடுத்தால் மென்பொருள் ஓரங்களைக் கூர்மையாக்கி, நிழலை அதுவாகவே தூக்கிக் கொடுக்கும். எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு வருவதற்கு அதுதான் காரணம். நல்ல கேமராவில் முக்காலி போட்டு எடுங்கள், சரியாகிவிடும்.

கற்றளி

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன் தம்பி. ஆனால் மகள் பார்த்ததும் அதே படம்தானே? ஒரு புள்ளிகூட மாறவில்லை. திருப்பினால் மட்டும் குழியாகிறது என்றால் கோளாறு போனுக்குள் எப்படி இருக்க முடியும்?

மதுரவல்லி

கற்றளி அண்ணா, நீங்கள் சொல்வதுதான் சரி. நான் உளவியல் ஆய்வு மாணவி, காட்சிப் புலனுணர்வுதான் என் துறை. உங்கள் படத்தைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

போன் பதிந்தது வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான். மேடு, பள்ளம் என்று அதில் எதுவும் இல்லை. ஒரு பள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். டார்ச்சைக் கீழே பிடித்தால் அதன் மேல் சுவரில் வெளிச்சம் விழும், கீழ்ச் சுவர் இருளில் இருக்கும். இப்போது ஒரு மேட்டை நினையுங்கள். விளக்கு மேலே இருந்தால் மேட்டின் மேல்பக்கம் பளிச்சென்றும் கீழ்ப்பக்கம் இருட்டாகவும் இருக்கும். இரண்டையும் தட்டையான படமாக்கினால் ஒன்றுக்கொன்று வித்தியாசமே கிடையாது. நம் விழித்திரையில் விழுவதும் தட்டையான படம்தான். எது மேடு, எது பள்ளம் என்று முடிவுகட்ட வேண்டுமானால் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது தெரிந்தாக வேண்டும். அது தெரியாதபோது மனம் கைகட்டி நிற்பதில்லை, மேலேயிருந்துதான் வந்தது என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறது. மனித இனம் வாழ்ந்த காலம் முழுக்க ஒரே சூரியன், அதுவும் தலைக்கு மேலே. அதனால் இந்த ஊகம் அநேகமாகப் பலித்துவிடும். உங்கள் டார்ச் தரையில் இருந்ததால் பலிக்கவில்லை.

புகையைக் கண்டு நெருப்பை அறிவதை நம் தருக்க நூல்கள் அனுமானம் என்கின்றன. பார்ப்பதே நாம் அறியாமல் நடக்கிற ஓர் அனுமானம்தான் என்று 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்னார். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த வார்த்தை அது. அனுமானம் நடந்ததே நமக்குத் தெரிவதில்லை, முடிவு மட்டும்தான் வந்து சேர்கிறது. அதையே 'பார்த்தேன்' என்கிறோம்.

உங்களுக்கு நேர்ந்ததை அமெரிக்க வானியலாளர் டேவிட் ரிட்டன்ஹவுஸ் 1786இலேயே எழுதியிருக்கிறார். படத்தைத் தலைகீழாகக் காட்டும் குழாய்க் கண்ணாடி வழியே பார்க்கும்போது பள்ளம் மேடாகத் தெரிகிறது, காரணம் வெளிச்சத்தின் திசையை மனம் மாற்றி எடுத்துக்கொள்வதுதான் என்று சரியாகவே சொன்னார். இதைச் சோதனைகளால் விரிவாகக் காட்டியவர்களில் ஒருவர் நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். 1988இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை அது. சாம்பல் நிற வட்டங்கள் சில மேலே வெளுத்தும் சில கீழே வெளுத்தும் இருக்கும். மேலே வெளுத்தவை முட்டையாகத் தெரியும், கீழே வெளுத்தவை குழியாகத் தெரியும். ஒரே படத்துக்குள் இரண்டு சூரியனை மனம் ஒப்புக்கொள்வதில்லை. மொத்தப் படத்துக்கும் ஒரே விளக்கு, அது மேலே.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, முதுகைத் திருப்பி நின்று, குனிந்து இரண்டு கால்களுக்கு இடையே பாருங்கள். முட்டை குழியாகும், குழி முட்டையாகும். வானம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதும் உடம்புக்குத் தெரியும். பார்வை அதைக் கேட்பதில்லை. அதற்கு மேல் என்பது உச்சந்தலை இருக்கிற பக்கம், அவ்வளவுதான்.

ஷட்டர்

செய்து பார்த்தேன். உண்மைதான், அப்படியே மாறுகிறது. என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். கற்றளி சார் மன்னிக்கவும்.

நிலவரைவன்

எங்கள் தொழிலில் இது தினசரிப் பாடு. செயற்கைக்கோள் படம் வைத்து வரைபடம் போடுகிறவன் நான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் இமயமலைப் பக்கத்துப் படம் ஒன்றைக் கொடுத்தார்கள். ஆறுகள் எல்லாம் மலை முகட்டின் மேல் ஓடிக்கொண்டிருந்தன! படமே கெட்டுப்போய்விட்டது என்று போய்ச் சொன்னேன். மேலாளர் ஒன்றும் பேசாமல் திரையில் படத்தை 180 பாகை சுற்றினார். ஆறுகள் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிட்டன.

காரணம் இதே வெளிச்சம்தான். நம் படங்களில் வடக்கு மேலே. இமயமலை கடகரேகைக்கு வடக்கே இருப்பதால் அங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும், அதாவது படத்தில் கீழேயிருந்து வெளிச்சம். கையால் நிழல் தீட்டி மலை வரைந்த காலத்திலிருந்தே வரைபடக்காரர்கள் வெளிச்சம் வடமேற்கிலிருந்து, இடது மேல் மூலையிலிருந்து, வருவதாக வைத்துத்தான் தீட்டுகிறார்கள். நடுப்பகல் சூரியன் அந்த ஊர்களில் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. இயற்கைப்படி தீட்டினால் பார்க்கிறவருக்கு மலை பள்ளமாகிவிடும், அதனால் பொய் வெளிச்சம் போட்டுத்தான் உண்மையைக் காட்ட வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் மே, ஜூன், ஜூலையில் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுவதால் அந்த மாதப் படங்களில் இந்தத் தொல்லை குறைவு.

செவ்வாயில் முகம் இருப்பதாக ஒரு படம் சுற்றியதே, வைக்கிங் 1 கலம் 1976 ஜூலையில் எடுத்தது. சாய்ந்த வெயிலில் ஒரு மேட்டின் பாதி இருளில் கிடந்தது. கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் நம் மனமே பொருத்திக்கொண்டது. 2001இல் மார்ஸ் குளோபல் சர்வேயர் வேறு வெளிச்சத்தில் கூர்மையாக எடுத்த படத்தில் அது அரித்துப்போன சாதாரணக் குன்று.

பனங்கூடல்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில சித்திரப் பாடம் படிப்பிக்கிறனான். மதுரவல்லி தங்கச்சி சொன்னது எனக்கு நல்லா விளங்குது. பிள்ளையளிட்ட ஒரு வட்டத்தைக் கீறிப்போட்டு இதைப் பந்தாக்குங்கோ எண்டு சொன்னால், ஒருத்தரும் ஒண்டும் கேட்காமலே கீழ்ப்பக்கத்தைத்தான் பென்சிலாலை கறுப்பாக்குவினம். வெளிச்சம் எங்கையிருந்து வருது எண்டு நான் இன்னும் சொல்லவே இல்லை! கனபேர் இடப்பக்க மேல் மூலையிலதான் வெளிச்சத்தை வைப்பினம். இது படிச்சு வந்த பழக்கமோ, பிறக்கேக்கையே வந்ததோ? கன வருசமா எனக்குள்ள இருக்கிற கேள்வி.

மதுரவல்லி

இடப்பக்கம் நீங்கள் கவனித்தது சரி அக்கா. ஆய்வுக்கூடத்தில் அளந்தபோதும் மனம் எடுத்துக்கொள்கிற விளக்கு நேர் உச்சியில் இல்லாமல் சற்று இடப்பக்கம் சாய்ந்துதான் இருந்தது. சன், பெரோனா என்ற இருவர் 1998இல் எழுதினார்கள். வரைபடக்காரர்களின் இடது மேல் மூலையும் இதுவும் ஒத்துப்போவதை நிலவரைவன் அண்ணா சொல்லித்தான் யோசிக்கிறேன்.

பிறவியா பழக்கமா என்பதற்கு ஒரு பழைய சோதனை. ஹெர்ஷ்பெர்கர் என்பவர் கோழிக்குஞ்சுகளைக் கீழேயிருந்து மட்டும் வெளிச்சம் வரும் கூண்டில் வளர்த்தார் (1970). அவை பார்த்த உலகத்தில் சூரியனே காலுக்கடியில்தான். அப்படி வளர்ந்தும், படத்தில் மேடு பள்ளம் பிரிக்கும்போது வெளிச்சம் மேலே என்றே அவை எடுத்துக்கொண்டன. கோழிக்காவது அது பிறவியோடு வருகிறது.

மனிதர்களில் அது அசைக்க முடியாததும் இல்லை. வெண்டி ஆடம்ஸ் குழுவினர் 2004இல் ஆட்களை அந்த மாதிரி நிழல் வடிவங்களைப் பார்த்துக்கொண்டே கையால் தொட வைத்தார்கள். கைக்குத் தட்டுப்பட்ட மேடு பள்ளம், விளக்கு வேறு பக்கம் இருந்தால்தான் பொருந்தும்படி அமைத்திருந்தார்கள். தொட்டுத் தொட்டுப் பழகியபின் அவர்கள் மனம் எடுத்துக்கொண்ட வெளிச்சத் திசையே நகர்ந்துவிட்டது. கற்றளி அண்ணா கேட்காமல் கேட்டிருந்த கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. விரல் குழியை அறிந்தும் கண் ஏன் கேட்கவில்லை? நீங்கள் தொட்டது ஒருமுறை, அதுவும் படத்தைப் பார்க்கும்போது இல்லை.

விழித்திரை

இந்த இடத்தில் நானும் நுழைகிறேன். கண் மருத்துவமனையில் பார்வை அளக்கும் வேலை, 11 வருடம். தொடுவதையும் பார்ப்பதையும் மனம் எப்படி ஒட்டவைக்கிறது என்பது எங்கள் குழந்தைகள் பகுதியில் கண்முன்னே நடக்கிற விஷயம்.

1688இல் டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மாலினோ தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர், உருண்டையையும் கனசதுரத்தையும் தடவி அறிந்தவர். அவருக்குத் திடீரென்று பார்வை வந்தால், தொடாமல், கண்ணால் மட்டும் பார்த்து எது எது என்று சொல்வாரா? மாலினோவின் மனைவியே பார்வை இழந்தவர். அதனாலோ என்னவோ, அந்தக் கேள்வி எனக்கு வெறும் தத்துவமாகத் தோன்றியதே இல்லை.

முந்நூறு வருடம் கழித்து அதற்குத் துல்லியமான பதில் நம் நாட்டில்தான் கிடைத்தது. பவன் சின்ஹா என்ற மூளை அறிவியலாளர் தொடங்கிய பிரகாஷ் திட்டத்தின் கீழ், பிறவிக் கண்புரையோ கருவிழிக் கோளாறோ இருந்து சிகிச்சை கிடைக்காமலே வளர்ந்த பிள்ளைகளுக்கு டெல்லியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். 8 முதல் 17 வயதுக்குள் ஐந்து பேரைக் கட்டு அவிழ்த்த ஓரிரு நாளில் சோதித்தார்கள். ஒரு பொருளைக் கையால் தடவித் தெரிந்துகொண்டு, பிறகு இரண்டு பொருளைக் கண்ணால் பார்த்து எது அது என்று சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்ததைக் கண்ணாலேயே நன்றாக அடையாளம் கண்டார்கள், கையால் தொட்டதைக் கையாலேயே கண்டுகொண்டார்கள். கையிலிருந்து கண்ணுக்குப் போகும்போது மட்டும் குருட்டாம்போக்கில் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் மேல். ஆனால் சில நாளிலேயே, யாரும் சொல்லிக்கொடுக்காமல், அதுவும் வந்துவிட்டது. இந்த முடிவு 2011இல் வெளியானது.

இதோடு முடிந்திருந்தால் எல்லாமே பழக்கம் என்று சொல்லிவிடலாம். அதே குழு 2015இல் இன்னொன்று வெளியிட்டது. இரண்டு சம நீளக் கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புக்குறி உள்பக்கம், மற்றதில் வெளிப்பக்கம். நமக்கு ஒன்று நீளமாகத் தெரியும். புதிதாகப் பார்வை வந்த ஒன்பது பிள்ளைகளுக்கும் அப்படியே தெரிந்தது! அறைகளின் சுவர் மூலைகளைப் பார்த்துப் பார்த்துப் பழகியதால்தான் அந்தக் கோடு நம்மை ஏமாற்றுகிறது என்று பாடப் புத்தகத்தில் படித்தவள் நான். அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. பனங்கூடல் அக்கா, உங்கள் கேள்விக்கு என் பதில், சிலது கூடவே பிறக்கிறது, சிலது சில நாளில் ஒட்டிக்கொள்கிறது. மொத்தமாக ஒரு பக்கம் சாய முடியாது.

மனம் இட்டு நிரப்புவதை இப்போதே பார்க்க வேண்டுமென்றால் இரண்டு கட்டை விரலையும் ஒட்டி நிமிர்த்திக் கையை நீட்டுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் இடது கட்டை விரலையே பாருங்கள். வலது விரலை மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். முக்கால் சாண் தூரத்தில் அதன் நுனி காணாமல் போகும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறுகிற இடம் அது, அங்கே ஒளி உணரும் செல்லே இல்லை. ஆனால் நுனி போன இடத்தில் ஓட்டை தெரிகிறதா? தெரியாது. பின்னாலிருக்கும் சுவர்தான் தெரியும். அந்த இடத்துச் சுவரை நீங்கள் பார்க்கவில்லை, இப்படித்தான் இருக்கும் என்று உங்கள் மனம் பூசிவைத்தது.

புள்ளிக்கோலம்

விழித்திரை அக்கா சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு வீட்டில் எல்லாரையும் செய்ய வைத்துவிட்டேன். சிக்குக்கோலம் போடும்போது இரண்டு கோடு குறுக்கே வெட்டும் இடத்தில் யாரும் தடுமாறுவதில்லை. போன போக்கிலேயே கோடு தொடரும் என்று கண் எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் நான்கு வளைவு முட்டி நிற்கிறது என்றும் பார்க்கலாம்தான், ஆனால் முயன்றாலும் அப்படித் தெரிவதில்லை.

மதுரவல்லி

ஆமாம் அக்கா, தடையில்லாமல் தொடர்வதை ஒரே கோடாகச் சேர்ப்பது. கண் எதை எதோடு சேர்க்கும் என்று உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923இல் எழுதிய விதிகளில் ஒன்று. அருகருகே இருப்பதைச் சேர்ப்பது, ஒரே மாதிரி இருப்பதைச் சேர்ப்பது என்று மற்றதும் உண்டு. தாராசுரம் போனால் ஐராவதேசுவரர் கோயிலில் யானையும் காளையும் ஒரே தலையில் சேர்ந்த சிற்பத்தைப் பாருங்கள். ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. கல் ஒன்றுதான், அந்தத் தலையை எந்த உடம்போடு சேர்க்கிறோம் என்பதுதான் மாறுகிறது. 12ஆம் நூற்றாண்டுச் சிற்பிக்கு இது தெரிந்திருக்கிறது.

மைப்படி

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா வாசிச்சிட்டிருக்கேன். கல்வெட்டின் மேல் ஈரக் காகிதத்தை ஒற்றி மையால் படியெடுப்பதிலேயே காலம் போனவன், இப்போது ஓய்வு. மதுரவல்லி அம்மா சொன்ன வெளிச்ச விஷயம் எங்களுக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். தேய்ந்த கல்லென்றால் பகலில் பார்க்கவே மாட்டோம். இருட்டினபின், விளக்கைக் கல்லோடு ஒட்டி, பக்கவாட்டில், சாய்த்துப் பிடித்தால் மயிரிழைக் கீறலும் எழுந்து நிற்கும். ஏன் என்று இன்றைக்குத்தான் இவ்வளவு விளக்கமாகக் கேட்கிறேன்.

ஆனால் மேடு பள்ளம் மாறித் தெரிவது சின்ன ஆபத்து. மாறினாலும் எழுத்து அதே எழுத்துதான். பெரிய ஆபத்து வேறே இருக்கு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு கோயில், விளக்கு தானக் கல்வெட்டு. நமக்குத் தெரியும், நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, ஒன்றுக்கு நெய்க்காக "சாவா மூவாப் பேராடு தொண்ணூறு" என்று வரும்; சாவும் மூப்பும் இல்லாமல் எண்ணிக்கை குறையாத ஆடு என்று பொருள். எத்தனையோ கல்வெட்டில் அப்படியே வரும். அந்தக் கல்லில் எண் இருந்த இடம் தேய்ந்திருந்தது. படியை விரித்ததும் 'தொண்ணூறு' என்று பளிச்சென்று பார்த்தேன். ஊகித்தேன் என்று சொல்லவில்லை, பார்த்தேன். 'ணூ'வின் வளைவு, 'று'வின் வால் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. மேலே "ஒரு விளக்கு" என்பதும் தெரிந்தது. எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் பெரியவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. படியைத் தரையில் தலைகீழாகப் போட்டார். "வாசிக்காதே. என்ன கோடு இருக்கோ அதை மட்டும் அப்படியே வரை" என்றார். தலைகீழாக இருந்தால் எழுத்து எழுத்தாகவே தெரியாது, வெறும் கோடுதான். அரை மணி நேரம் உட்கார்ந்து வரைந்தேன். அப்புறம் காகிதத்தை நேராகத் திருப்பி, "எண்ணு" என்றார். 'தொண்ணூறு' எழுத ஆறு வடிவம் போதும்: கொம்பு, த, கால், ண, ணூ, று. நான் வரைந்த இடத்தில் ஒன்பதுக்கு இடமிருந்தது. மிச்சமிருந்த கோடுகள் எதிலும் 'ணூ'வும் இல்லை, 'று'வும் இல்லை. 'நாற்பத்தைஞ்சு' ஒவ்வொன்றாக வந்து பொருந்தியது. அப்புறம்தான் மேலே பார்த்தேன். அது "ஒரு விளக்கு" இல்லை, "அரை விளக்கு". தொண்ணூறு ஆட்டில் பாதி.

யாரோ ஒருவன் முழு விளக்குக்கு வசதியில்லாமல், இருந்ததைக் கொடுத்து அரை விளக்கு ஏற்றியிருக்கிறான். நான் அவனை அழித்துவிட்டு எல்லாரையும் போல ஆக்கிவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

கற்றளி தம்பி, உங்கள் 'கோப்பரகேசரி'யைப் பார்த்தேன். 'கோ' தெரிகிறது. 'கேசரி' தெரிகிறது. நடுவில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா?

இளவழுதி

ஐயா, படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒரு சந்தேகம். எதையும் எதிர்பார்க்காமல் வாசிக்க முடியுமா? கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. சொல்லுக்கு நடுவே இடைவெளி கிடையாது. 'ர'வுக்கும் காலுக்கும் வித்தியாசம் கிடையாது, 'கர' என்றும் வரும் 'கா' என்றும் வரும். எகரம் ஏகாரம் இரண்டுக்கும் ஒரே கொம்பு. தமிழும், கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் மெய்க்கீர்த்தியும் தெரிந்தவன் முன்கூட்டி ஊகிப்பதால்தானே வாசிக்கவே முடிகிறது? எதிர்பார்ப்பை ஒதுக்கிவிட்டால் வெறும் கீறல்தானே மிச்சம்?

மைப்படி

சரியான கேள்வி தம்பி. ஒதுக்க முடியாது, ஒதுக்கவும் கூடாது. "திருமகள் போல" என்று நாலு எழுத்தைப் பார்த்ததும் ராஜராஜன் மெய்க்கீர்த்தி என்று சொல்ல முடிவது படிப்பால் வந்தது. நான் சொல்வது வரிசை மட்டும். முதலில் கோடு, அப்புறம் எழுத்து, அப்புறம் சொல். நம் மனம் இதைப் பின்னாலிருந்து செய்யும், முதலில் சொல்லை வைத்துக்கொண்டு அதற்கேற்ற கோட்டைக் கண்ணுக்குக் காட்டும். அதனால் கையைக் கட்டாயப்படுத்தி முன்னாலிருந்து ஒருமுறை போகவேண்டும். இரண்டும் ஒத்தால் எழுதலாம். ஒக்காவிட்டால் அடைப்புப் போட்டு, எத்தனை எழுத்து சிதைந்திருக்கிறது என்று எண்ணிக்கை மட்டும் கொடுக்கணும்.

இன்னொன்று, எழுத்து தெரியவில்லை என்று கல்லில் மாவு பூசுகிறது, சாக்பீஸ் தேய்க்கிறது, யாரும் செய்யாதீர்கள். கல்லுக்கும் கேடு. மாவு பூசும்போது குழியை நிரப்புவது உங்கள் கை, கை போகிற வழி உங்களுக்குத் தெரிந்த எழுத்தின் வழி. அதுவும் இதே பிழைதான்.

மதுரவல்லி

ஐயா, தலைகீழாகப் போட்டு வரையச் சொன்ன உங்கள் பெரியவரை வணங்குகிறேன். எங்கள் துறை பல ஆண்டு சோதனை செய்து சொல்வதை அவர் ஒரு வார்த்தையில் செய்துகாட்டியிருக்கிறார்.

கற்றளி அண்ணாவுக்கு ஒரு யோசனை. மறுபடி போனால் சட்டகத்துக்குள் உருவம் தெரிந்த ஒரு பொருளை வையுங்கள், உங்கள் விரலே போதும். விரல் புடைப்பானது என்று மனதுக்குத் தெரியும். அதன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதிலிருந்து விளக்கின் திசையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு படத்துக்கு ஒரே விளக்கு என்று அது வைத்திருப்பதால் எழுத்துக்கும் அதே விளக்கைக் கொடுக்கும். எல்லாருக்கும் எல்லா நேரமும் வேலை செய்யும் என்று சொல்ல மாட்டேன், முயன்று பாருங்கள். வெறுமனே "இது குழி" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வது மட்டும் உதவாது. இந்த மாதிரித் தோற்றங்கள் அறிவுக்குக் கட்டுப்படுவதில்லை.

கற்றளி

நேற்று மகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி போய்வந்தேன். கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் டார்ச்சைப் பழையபடி தரையில் வைத்து, சட்டகத்தின் ஓரத்தில் சுண்டு விரலை வைத்து எடுத்தேன். விரலின் கீழ்ப்பக்கம் பளிச்சென்றும் மேலே நிழலும். முதல் பார்வைக்கு எழுத்து புடைப்பாகத்தான் இருந்தது. விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கண்ணை மெல்ல எழுத்துப் பக்கம் நகர்த்தினேன். வரி முழுக்க ஒரு நொடியில் உள்ளே விழுந்தது. மகளுக்கு உடனே விழுந்ததாம். விரலைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தால் எனக்கு மறுபடி புடைக்கிறது.

அடுத்து, குருக்கள் டார்ச்சை வாங்கி இடப்பக்க மேலிருந்து கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். அந்த வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து 22 படம். வீட்டில் முதல் வரிப் படத்தைத் தலைகீழாகத் திருப்பி, அதன் மேல் டிரேசிங் தாளை வைத்து, மைப்படி ஐயா சொன்னபடி கோடு மட்டும் வரைந்தேன். மகளை வரையச் சொல்லி இன்னொன்று. அவளுக்குக் கல்வெட்டு எழுத்து தெரியாது, அதனால் அவள் வரைந்ததையே அதிகம் நம்புகிறேன்.

'கோ'வுக்கும் 'கேசரி'க்கும் நடுவே நான் 'ப்பர' என்று மூன்று எழுத்து வாசித்திருந்தேன். என் தாளில் அந்த இடத்தில் 'ப'வின் நேர்கோடு இருக்கிறது. அவள் தாளில் இல்லை! அங்கே ஒரு வளைவு, அதன் தலையில் சின்னச் சுழி மாதிரி ஒன்று. இடத்தை அளந்தேன். அதே வரியில் மற்ற எழுத்துகளின் அகலத்தை வைத்துப் பார்த்தால் நாலு வடிவத்துக்கு இடம் வருகிறது. வி, ர, கால், ஜ என்று போட்டால் 'கோவிராஜகேசரி'. பரகேசரியும் ராஜகேசரியும் சோழர்கள் மாறி மாறி வைத்துக்கொண்ட பட்டம், ஆகவே அந்த மூன்று நாலு எழுத்தில்தான் ராஜா யார் என்பதே இருக்கிறது. பெயர் தெரிந்ததும் அவள் வரைந்த வளைவு எனக்கு 'வி'யாகவே தெரிய ஆரம்பித்துவிட்டது, அதனால் இப்போது அதையும் நம்ப முடியவில்லை.

என் பழைய வாசிப்பைத் திரும்பப் பெறுகிறேன். இப்போதைக்கு இப்படித்தான்:

ஸ்வஸ்தி ஸ்ரீ கோ [3 அல்லது 4 எழுத்து சிதைவு] கேசரி

மைப்படி ஐயா, அனுமதி வாங்கிவிட்டால் வந்து ஒரு படி எடுத்துக் கொடுப்பீர்களா? வண்டி நான் அனுப்புகிறேன்.

மைப்படி

வருகிறேன் தம்பி. வண்டி வேண்டாம், பஸ்ஸிலேயே வந்துவிடுவேன். அனுமதிக் கடிதத்தைக் கையோடு வைத்திருங்கள். கல்லை முந்தின நாளே தண்ணீரில் ஊறவிட்டு, மெத்தென்ற தேங்காய் நார் வைத்துப் பிசுக்கை மட்டும் எடுக்கணும், கீறல் விழக்கூடாது. நான் வருவதற்கு முன்னால் நீங்கள் வரைந்த தாளை எனக்கு அனுப்ப வேண்டாம். பாப்பாவை மட்டும் கட்டாயம் கூட்டிவாருங்கள். கோயிலுக்குப் பக்கத்தில் கிணறு இருக்கிறதா?